பார்த்துக்கலாம்

மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவோடு
எங்கள் மென்பொருளுக்கு ஆதரவு முடிகிறது.
நாலு புள்ளி இரண்டு. நீண்டகால ஆதரவுப் பதிப்பு.
நீண்டகாலம் என்றால் ஐந்து வருடம் என்று
அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்திருக்கிறார்கள்.
ஒட்டு மாங்கன்று வைத்து
வட்டி கட்டுகிற அளவு காய் பார்க்கவே
இந்தப் பக்கம் அவ்வளவு ஆகும்.

காவேரிப்பட்டணம் சாலையில் மாங்கூழ் ஆலை.
பாய்லருக்குப் பின்னால் என் அறை.
கதவில் ஹெல்ப் டெஸ்க் என்று பலகை.
டெஸ்க் இருக்கிறது. ஆள் நான் ஒருத்தி.

ஐந்து வந்தபோது சீசன்.
ஆறு வந்தபோது பட்ஜெட் இல்லை.
ஏழுக்கு மேனேஜர் மாறினார்.
இப்போது எட்டு.
நாலிலிருந்து நேராகத் தாவ முடியாதாம்,
படிக்குப் படி கால் வைக்க வேண்டுமாம்.
அப்படித்தான் இன்றிரவு எங்கள் சர்வரில்
ஐந்து நாற்பது நிமிடம் உயிரோடிருந்தது.
ஆறு அதைவிடக் குறைவு.
ஏழின் முகத்தை நான் பார்க்கவேயில்லை,
கேட்டுக்கு வெளியே டீ வாங்கப் போயிருந்தேன்.

எட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது.
பழைய நிலைகள் ஐந்து, புதிய நிலைகள் மூன்று,
எதை எதில் சேர்க்க?
திறந்தது திறந்ததில். முடிந்தது முடிந்ததில்.
ஐந்தாவதை
வேலைக்குச் சேர்ந்த வாரம் நானேதான் உண்டாக்கினேன்:
'பார்த்துக்கலாம்'.
அதில் இருநூற்றுப் பன்னிரண்டு டிக்கெட்.
பதில் தராவிட்டால் மூடியதாகக் கொள்ளப்படும்
என்று பணிவாகச் சொன்னது எட்டு.

குளிர் அறை மூன்று, கதவு உள்ளிருந்து திறக்கவில்லை.
அந்த அறையையே இடித்துவிட்டோம். மூடு.
லேபிள் பிரிண்டர் 'ழ'வுக்குப் பதில் கட்டம் போடுகிறது.
கட்டத்தோடேயே ஏற்றுமதி ஆகிக்கொண்டிருக்கிறது.
சாக்கம்மா, தோல் சீவும் பிரிவு:
வருகை மெஷின் என் விரலை எடுத்துக்கலை.
மாம்பால் தின்ற ரேகை.
அவள் நின்றுவிட்டாள். டிக்கெட் நிற்கவில்லை.

ஆயிரத்து நூற்று எண்பத்தாறு.
திம்மராயன், எடைமேடை.
'மழை பேஞ்சா காலி வண்டிக்கு
நாப்பது கிலோ கூட காட்டுது மேடம். லோடுக்கு சரியா இருக்கு.'
கீழே நான்: வெண்டரிடம் சொல்லியாச்சு.
அதற்கும் கீழே நான்: சீசன் முடியட்டும்.
ஐந்து சீசன்.
காலி வண்டியில் கூடுகிற நாற்பது
சரக்கில் குறையும்.
யார் சரக்கில் என்று எழுத
படிவத்தில் இடம் வைக்கவில்லை எந்தப் பதிப்பும்.

'திறந்தது' என்று மாற்றினேன்.

எட்டு தானாகவே செய்தி அனுப்பும் என்று
எனக்குத் தெரியாது.
இரண்டு பத்துக்கு உள்ஃபோன் அடித்தது.
தக்காளி ஓடுகிற மாதம், அவருக்கு நைட் ஷிப்ட்.
"பர்வீன்மா, கோரிக்கை பெறப்பட்டது,
இருவத்துநாலு மணி நேரத்துல பதில்னு வந்திருக்கு.
இன்னிக்கி நான் ஒண்ணும் போடலியே?"
எண்ணைச் சொன்னேன். வருடத்தைச் சொன்னேன்.
லாரி ஒன்று மேடை ஏறி இறங்கும் நேரம்
அந்தப் பக்கம் சத்தமில்லை.

"ஓ, அதா.
மழை நாள்ல நானே நாப்பதைக் கழிச்சிட்டுத்தாம்மா எழுதறேன்.
ஆடிட்டுல கேட்டா என்ன சொல்றதுன்னு
ஒவ்வொரு தடவையும் வயித்தைக் கலக்கும்.
மே மாசத்தோட எனக்கும் முடியுது, தெரியுமில்ல?
வர்ற பையனுக்கு இதை
சொல்லிட்டுப் போறதா, சொல்லாமப் போறதா?"

திரையின் ஓரத்தில்
இருபத்துமூன்று மணி, ஐம்பத்தொரு நிமிடம்
இறங்கிக்கொண்டிருந்தது, சிவப்பில்.
அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன்.
எட்டிலும் இருக்கிறது அந்தப் பொத்தான்,
'புதிய நிலையை உருவாக்கு'.
பெயர் கேட்டுக் கட்டம் துடித்தது.
ஃபோனில் இன்னும் அவர் இருந்தார்.

"லைன்லயே இருங்கண்ணா" என்றேன்,
அந்தப் பக்கத்தை மூடிவிட்டு.